பத்துப் புள்ளிகளும் பத்தாம் போல்ட்டும்

2022 அக்டோபர் 4, செவ்வாய்க்கிழமை. காலை 6.10க்குப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கிளம்பி, கொமுட்டர் ரயிலேறி, 7.35க்குக் கிள்ளானில் பட்டறையின் ஷட்டரைத் தூக்கினேன். கம்ப்ரசரின் அடியில் சேர்ந்திருந்த தண்ணீரை வடித்தேன். பலகையில் அன்றைய வேலைகளை எழுதினேன்: இரண்டு பிரேக், ஒரு எண்ணெய் மாற்றம், ஒரு பள்ளி வேன். 7.50க்குக் கூட வேலை செய்யும் மணியம் வந்தார். ஆயுத பூஜை நாள் என்பதால் நெத்திலி போட்ட நாசி லெமாக் சோறு இல்லை, இட்லிதான் என்று வருத்தத்தோடு அறிவித்தார்.

மேலே உள்ளதை என் நோட்டில் இருந்தபடி அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். நான் ஓய்வு பெற்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. என் முழங்கால் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நால்வரும் போன வாரம் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைப் பிடிக்கும் போல்ட்டை இறுக்கி முடித்ததும் ஏன் பச்சைக் கோடு போடச் சொல்கிறார்கள், புள்ளி வைத்தால் போதாதா என்பது ஒன்று. ஒவ்வொரு போல்ட்டும் கைக்கு எப்படி வந்தது என்று ஏன் எழுத வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் அந்தச் செவ்வாய்க்கிழமையில் இருக்கிறது.

அந்தப் பள்ளி வேன் கோமளா அக்காவுடையது. முந்தைய புதன்கிழமை சூடேறி நின்று, கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. அக்காவுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். காப்பார் சாலைப் பக்கம் பதினொரு பிள்ளைகளைக் காலையில் ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் இறக்குவார். பெருந்தொற்றுக் காலத்தில் வேன் வாசலிலேயே நின்றதில் பிள்ளைகளெல்லாம் பிரிந்துபோய், பிறகு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி அந்தப் பதினொரு பேரைச் சேர்த்திருந்தார். வேன் நின்ற ஒவ்வொரு பள்ளி நாளும் பெற்றோர் தங்கள் காரில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குத் தாமதமாகப் போனார்கள். அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் புதன்கிழமை காலை வேன் வராவிட்டால் எல்லோருமாக வேறு வேனுக்குப் போய்விடுவோம் என்று வாட்சாப் குழுவில் சொல்லியும் விட்டார்கள்.

வண்டியின் நோய் எளிதானதுதான்: ஒரு போல்ட் பிடி விட்டு, ஹெட் தளர்ந்து, தண்ணீர் கசிந்து போயிருந்தது. ஹெட்டைக் கழற்றும்போது ஒன்பது போல்ட் ஒழுங்காக வந்தன. பத்தாவது சுற்றிக்கொண்டே இருந்தது, மேலே ஏறவில்லை. ஒருவழியாக வெளியே எடுத்தபோது அதன் பல்லெல்லாம் அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டியிருந்தது. ஹெட்டுக்குக் கீழே உள்ள பிளாக்கில் இருக்க வேண்டிய மரை போல்ட்டோடு வந்துவிட்டது. மணியம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “தேங்காத் துருவல் மாதிரி இருக்குலா” என்றார்.

மரை போன துளையைப் பெரிதாகத் துளைத்து, புதிய மரை வெட்டி, அதற்குள் ஓர் எஃகு உறையைத் திருகி இறக்கினால், போல்ட் பழைய அளவிலேயே அந்த உறைக்குள் உட்காரும். எப்படிச் செய்வதென்று உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். பாடத்தில் வராதது, அந்தப் பத்தாம் துளை இருந்த இடம். இந்த வேனில் இன்ஜின் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே; அந்தத் துளை பின் மூலையில், இருக்கைச் சட்டத்துக்கு அடியில். நேரான டிரில் அங்கே நிமிர்ந்து நிற்காது.

வெள்ளிக்கிழமை மதியம் டிரில்லைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். கொஞ்சம்தான் சாய்ந்தது. அக்கா வாசலில் நின்று, “இன்னைக்கு முடிஞ்சிருமா பாஸ்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிடலாம் என்று கை சொன்னது. டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, பூச்சோங்கில் மெஷின் ஷாப் வைத்திருக்கும் ஒரு சீன நண்பரிடம் மூலைக்குள் நுழையும் குட்டை டிரில்லைக் கேட்டேன். அது சனிக்கிழமை மாலைதான் கிடைத்தது. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, டிரில் அசையாமல் செங்குத்தாக இறங்குவதற்கு ஓர் இரும்புத் தகட்டில் வழித்துளை செய்தேன். திங்கள்கிழமைதான் துளைத்தோம். உருளைகளுக்குள் தூள் விழாமல் நான்கு துணிகளை அடைத்தோம். முடிந்ததும் நான்கையும் எண்ணி எடுத்தோம். உறை தன் இடத்தில் நேராக உட்கார்ந்தது. அந்தத் தாமதத்துக்காக அக்கா என்னைத் திட்டியது நியாயம். நான் காத்திருந்ததும் நியாயம். சாய்ந்த துளையைத் திரும்ப நிமிர்த்த முடியாது.

இவ்வளவு கவனமாக இருந்தவன் மறுநாள் எங்கே கோட்டை விட்டேன் என்பதுதான் கதை.

ஹெட் போல்ட்டுகளை மூன்று சுற்றாக இறுக்குவோம். முதலில் பத்தையும் லேசாக. அடுத்து பத்தையும் குறித்த அளவுக்கு. கடைசியாக நீளக் கம்பியைப் போட்டு ஒவ்வொன்றையும் இன்னும் கால் வட்டம். ஹெட்டின் பிடி முழுவதும் அந்தக் கால் வட்டத்தில்தான் இருக்கிறது. அதை முடித்த போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி. அதுதான் அப்போது நம் பட்டறையின் வழக்கம். புள்ளி இருந்தால் முடிந்தது, யாரையும் கேட்க வேண்டியதில்லை.

செவ்வாய் காலை இரண்டு சுற்று முடித்து, மூன்றாவதில் ஏழு போல்ட் வரை வந்துவிட்டேன். ஏழு மஞ்சள் புள்ளி. அப்போது முதலாளி உள்ளிருந்து கத்தினார். “கற்பூரம் ஏத்தப் போறோம், நல்ல நேரம் முடியப் போகுது! அந்தக் கம்பிய விட்டுட்டு வாங்கலா!”

கம்பியை அங்கேயே சாய்த்து வைத்துவிட்டுப் போனேன். மணியம் ஐந்து நிமிடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். தீபாராதனை, சுண்டல், சர்க்கரைப் பொங்கல், பக்கத்துக் கடைக்காரர்களின் வருகை என்று முக்கால் மணி நேரம் போயிற்று. இதற்கிடையில் முதலாளியின் மனைவி, நாங்கள் அண்ணி என்று கூப்பிடுபவர், சந்தனக் கிண்ணத்தோடு ஜாக், கம்ப்ரசர், சுத்தியல் என்று ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனார்.

திரும்பி வந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். பத்து போல்ட். பத்து மஞ்சள் புள்ளி. மணியம் தாமதமாக வந்தது நினைவுக்கு வந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் மிச்சம் மூன்றையும் முடித்திருக்கிறார், நல்ல மனிதர் என்று நினைத்தேன். எனக்கு வந்தது நிம்மதி. பத்தாம் போல்ட்டைத் திருப்ப நான் உள்ளூரப் பயந்துகொண்டிருந்தேன் என்பது அந்த நிம்மதியிலிருந்தே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதிய உறை அந்தக் கால் வட்டத்தைத் தாங்குமா, பிய்த்துக்கொண்டு வருமா என்பது போல்ட்டைத் திருப்பினால்தான் தெரியும். அந்தப் பரீட்சையை வேறொருவர் எனக்காக எழுதிவிட்டார் என்று மகிழ்ச்சியாக ஹெட்டின் மேல்மூடியைப் போட்டேன். தண்ணீர் ஊற்றி, இன்ஜினை ஓட விட்டேன். கசிவு இல்லை. 1.10க்கு அக்கா வந்து, வேனின் மூக்கைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். பட்டறையிலுள்ள எல்லாக் கருவிகளையும் சாமிக்கு முன்னால் அடுக்கினோம். மறுநாள் விஜயதசமி காலையில்தான் அவற்றைத் தொடுவது வழக்கம். 1.30க்கு ஷட்டர் இறங்கியது.

ரயிலில் நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு போல்ட்டும் கைக்கு எப்படி வந்தது என்று எழுதுவது என் பழக்கம், அப்போது பட்டறை விதி இல்லை. மணியம் இதற்காகவே என்னைப் பல ஆண்டுகள் கேலி செய்திருக்கிறார். ஒன்று: சீராக. இரண்டு: சீராக. ஏழு: சற்று இறுக்கம். எட்டில் பேனா நின்றது. அங்கிருந்து மணியத்தின் கைவேலை. நோட்டில் இடைவெளி இருக்கக் கூடாதே என்று ஷா ஆலம் தாண்டியதும் அவருக்குப் போன் செய்தேன்.

“மணியம், எட்டு, ஒம்பது, பத்து எப்படி வந்துச்சு?”

“என்ன எட்டு ஒம்பது?”

“வேன் ஹெட்டு. நீங்க முறுக்கினது.”

“நான் எங்க முறுக்கினேன்? நீங்கதானே புள்ளி வச்சி முடிச்சிருந்தீங்க.”

“நீங்க பூஜைக்கு அஞ்சு நிமிசம் லேட்டா வந்தீங்களே?”

“பூ வாங்கிட்டு வந்து கார் பார்க்கிங் தேடிக்கிட்டு இருந்தேன்லா!”

வலது கையைப் பார்த்தேன். மூடி போட்டபோது விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது. சாப்பிடும் முன் வெறும் தண்ணீரில் கழுவினேன், போய்விட்டது. பெயின்ட் அப்படிப் போகாது. அதற்குத் தின்னர் வேண்டும். சுபாங் ஜெயாவில் இறங்கி, நடைமேடையில் நின்று அண்ணியைக் கூப்பிட்டேன்.

“அண்ணி, அந்த வேன் இன்ஜினுக்குப் பொட்டு வச்சீங்களா?”

“வச்சேனே. ஏன், அழிஞ்சிருச்சா?”

“எத்தனை வச்சீங்க?”

“மூணு. யாரோ ஏழு போல்ட்டுக்குச் சந்தனம் வச்சிட்டு மூணை விட்டுட்டுப் போயிருந்தாங்க. பாக்கவே பாவமா இருந்துச்சு, நான் முடிச்சி வச்சேன்.”

“குங்குமம் வைக்கலையா?”

“அந்த ஏழுக்கும் குங்குமம் இல்லையே. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்லா?”

அண்ணி என்னைவிட ஒழுங்கானவர். நான் புள்ளிகளை எண்ணினேன், போல்ட்டுகளை எண்ணவில்லை.

மணியத்துக்கு மறுபடி போன் செய்து சொன்னேன். முதலில் அவர் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு அவர் அமைதியாக ஒரு யோசனை சொன்னார். “ரெண்டாவது ரவுண்டு பத்துக்கும் ஆயிருச்சில்ல? ஒரு வாரம் தாங்கும். சனிக்கிழமை அக்காவ ஃப்ரீ செக்கப்புன்னு கூப்பிடுங்க. மூணு திருப்பு திருப்பி அனுப்பிடலாம். இப்பச் சொன்னா அவங்க பயந்துடுவாங்க, நம்ம பேரும் போயிரும்.”

நடைமேடையில் இரண்டு ரயில்கள் போகும்வரை அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஒரு வாரம் தாங்கியிருக்கலாம். ஆனால் கிள்ளான் பாலத்துக் காலை நெரிசலில் வேன் நிற்க, உள்ளே பதினொரு பிள்ளைகள் இருக்க, சூட்டு முள் ஏறுவதை அக்கா பார்ப்பதாக ஒரு படம் மனதில் வந்தது. அந்தப் படத்தில் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். பட்டறையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, வண்டி எங்க இருக்கு?”

“வாசல்ல. கழுவிக்கிட்டு இருக்கேன், சாயங்காலம் கோயில்ல பூஜை போடணும்ல. ஏன் பாஸ், ஸ்பானர உள்ள வச்சி மூடிட்டீங்களா?”

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று போல்ட், சந்தனம், நான் கேட்காமல் விட்டது. மறுமுனையில் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“அப்ப என் இன்ஜினுக்குள்ள மூணு போல்ட்டு சாமி கும்புட்டுக்கிட்டு இருக்கா?”

“ஆமாக்கா.”

“இப்ப என்ன செய்யணும்?”

“இனிமே ஸ்டார்ட் பண்ணாதீங்க. கோயிலுக்கும் வேணாம். இன்ஜின் நல்லா ஆறினாத்தான் முறுக்க முடியும். விடியக்காலை நாலரைக்கு நான் உங்க வீட்டுக்கே வரேன்.”

“முதல் பிள்ளைய அஞ்சே முக்காலுக்கு ஏத்தணும். தெரியும்லா? நான் குரூப்புல ‘நாளைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்’னு போட்டுப் போட்டு, இப்ப அதையே ஸ்டிக்கரா செஞ்சி எனக்கே அனுப்புறாங்க. முறுக்குறப்போ அந்தப் பத்தாவது பிச்சிக்கிட்டா?”

இதற்குப் பதில் தயார் செய்யாமல் அந்தப் போனைச் செய்திருக்கக் கூடாது. நெருக்கடியில் வேலைக்குக் கை வைக்கும் முன், வேலை தோற்றால் யார் என்ன செய்வது என்பதை முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். “அரை மணி நேரத்துல சொல்றேன்கா” என்று வைத்துவிட்டு, எதிர்ப்பக்க நடைமேடைக்குப் போய்க் கிள்ளான் ரயிலைப் பிடித்தேன். ரயிலுக்குள்ளிருந்தே முதலாளிக்குச் சொன்னேன். அவர் என்னைத் திட்ட ஆரம்பித்து நடுவில் இருந்தபோது அண்ணி போனை வாங்கிக்கொண்டார்.

“என் சந்தனம்தானே? நான் வரேன். என் கார்ல ஏழு பேர் உக்காரலாம். பிச்சிக்கிட்டா ரெண்டு டிரிப்பு அடிச்சிப் பிள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுடறேன்.”

“தப்பு சந்தனத்துல இல்ல அண்ணி. நான் எண்ணின விதத்துல.”

“அதெல்லாம் நாளைக்குப் பேசுவோம். பட்டறையத் திறந்து ஆயுதம் எடுக்கணும்ல, நாலு மணிக்குச் சாவியோட நிப்பேன்.”

அக்காவுக்குப் போன் செய்து அதைச் சொல்லிவிட்டு, விடியக்காலை ரயில் இருக்காது என்பதால் அன்றிரவு காப்பாரில் மணியத்தின் வீட்டு சோபாவில் தங்கினேன். என் யோசனையைக் கேட்கவில்லையே என்று அவர் கோபப்படவில்லை. அலாரத்தை மட்டும் மூன்று இடத்தில் வைத்தார்.

அக்டோபர் 5, புதன்கிழமை, விஜயதசமி. காலை 4.05க்கு முதலில் செய்தது இது: அண்ணி பட்டறையில் கற்பூரம் ஏற்ற, சாமிக்கு முன்னாலிருந்து நீளக் கம்பியைக் கையில் எடுத்தேன். 4.35க்கு அக்கா வீட்டு வாசலில் இருந்தோம். இன்ஜினில் கை வைத்துப் பார்த்தேன், கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. மூடியைத் திறந்தோம். பெயின்ட் புள்ளி ஏழும் அப்படியே இருந்தன. மற்ற மூன்றின் தலையில் எண்ணெய் மட்டும் மின்னியது.

“சாமி போயிருச்சே” என்றார் அண்ணி.

“எண்ணெயோட ஊர்வலம் போயிருக்கு” என்றார் மணியம். (அந்த எண்ணெயையும் வடிகட்டியையும் சனிக்கிழமை மாற்றினோம்.)

அக்கா விளக்கைப் பிடித்தார். எட்டு திரும்பியது. ஒன்பது திரும்பியது. பத்தாவது இருக்கைச் சட்டத்துக்கு அடியில் இருந்ததால் கால் வட்டத்தை ஒரே வீச்சில் திருப்ப இடமில்லை, இரண்டு பாதியாகத்தான் திருப்ப வேண்டும். மரை பிய்யும்போது கனம் திடீரென்று குறையும், கம்பி வெண்ணெயில் போவது போல் போகும். அதற்காகத்தான் என் கை காத்திருந்தது. முதல் பாதி கனமாக வந்தது. கம்பியை எடுத்து மாற்றிப் போட்டேன். இரண்டாவது பாதியில் பாதி தூரம் போயிருப்பேன், ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

அண்ணி கார்ச் சாவியை எடுத்துவிட்டார்.

“என் முட்டி” என்றார் மணியம். “குந்தியே இருக்கேன்ல, சாரி.”

அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். நான் மிச்சத்தைத் திருப்பினேன். கடைசி அங்குலம் வரை கனம் குறையவே இல்லை. பத்து நின்றது.

புள்ளி வைக்க மஞ்சள் பேனாவை எடுத்தேன். அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அதைப் பையில் போட்டேன். பெட்டியில் ஒரு பச்சைப் பேனா இருந்தது. போல்ட்டின் தலையிலிருந்து ஹெட்டின் பரப்பு வரைக்கும், பத்துக்கும் பத்து கோடு இழுத்தேன். போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அப்படி யாரும் சாமிக்குப் பொட்டு வைக்க மாட்டார்கள். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அதுதான்.

5.32க்கு மூடியைப் போட்டு, இன்ஜினை ஓட விட்டோம். அக்கா உள்ளே போய் நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைத்தார். “நேத்து கோயில்ல விட்டது. பிள்ளைங்க ஏறுறதுக்கு முந்தி முடிச்சிடணும்” என்றார். ஏறி உட்கார்ந்து, போனை எடுத்து, குழுவில் ‘வந்துட்டேன்’ என்று குரலில் பதிவு செய்து அனுப்பினார். பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்க, வேன் வாசலைத் தாண்டிப் போயிற்று.

அண்ணியின் கார் பானெட்டில் நோட்டை விரித்து, முந்தின நாள் விட்டுப்போன மூன்று வரிகளை எழுதினேன்.

எட்டு: சீராக.

ஒன்பது: சீராக.

பத்து: கடைசி வரை கனம். நின்றது. இடையில் கேட்ட சத்தம் மணியத்தின் முட்டி.